பக்கத்து இருக்கை நண்பன்

குழந்தைகளே! கார் பந்தயம் என்றதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? தலைக்கவசம் போட்ட ஒருவர், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாகச் சீறிப் பாய்வது. அப்படித்தானே?

கார் ராலி என்ற பந்தயம் அப்படியல்ல. அதில் காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர். பக்கத்தில் இருப்பவர் துணை ஓட்டுநர். கோ-டிரைவர் என்பார்கள். பந்தயத்துக்கு முன்பே இருவரும் அந்தச் சாலையில் மெதுவாகப் போய்ப் பார்ப்பார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லச் சொல்ல, துணை ஓட்டுநர் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொள்வார். இடது வளைவா, வலது வளைவா, எத்தனை கூர்மை, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர் என்று எல்லாம் அதில் இருக்கும். பந்தயத்தன்று கார் குலுங்கிக்கொண்டு பறக்கும்போது, தலையைக் குனிந்து அதை வாசித்துக்கொண்டே வருவார். ஓட்டுநர் அந்தக் குரலை நம்பித்தான், கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள்ளும் வேகத்தைக் குறைக்காமல் நுழைவார்.

நினைத்துப் பாருங்கள். துணை ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. அவர் ஒரு வரி தவறாகப் படித்தால் ஓட்டுநருக்கு ஆபத்து. ஓட்டுநர் ஒரு நொடி தவறினால் அவருக்கு ஆபத்து. ஒருவர் உயிர் மற்றவர் கையில்!

இந்த இரண்டு இருக்கைகளிலும் உட்கார்ந்து பார்த்த ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜுவான் மானுவல் ஃபாஞ்சியோ. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனவர். அந்தக் காரில் ஒரே ஓர் இருக்கைதான். அதனால் அவர் தனி ஆளாக ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது பலருக்குத் தெரியாது.

தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா நாட்டில், பல்கார்சே என்ற ஊரில் 1911-ம் ஆண்டு ஜூன் 24-ம் தேதி ஃபாஞ்சியோ பிறந்தார். உருளைக்கிழங்கு விளையும் ஊர் அது. பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். ஆறு குழந்தைகளில் இவர் நான்காவது. சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. ஒரு கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். நட்டு, போல்ட்டு, கிரீஸ், இவைதான் அவருக்குப் பாடப்புத்தகம்! கால்பந்தும் நன்றாக ஆடுவார். கால்கள் கொஞ்சம் வளைந்திருந்ததால் நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர், வளைகாலன். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. அவரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதினாறு வயதில் பந்தயக் காரில் ஏறும் வாய்ப்பு வந்தது. ஓட்டுவதற்கு அல்ல! பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பந்தயத்தில் ஓட்டும்போது பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்து போனார். அந்தக் காலத்தில் இதுவும் ஒரு முக்கியமான வேலை. வழியில் டயர் வெடித்தால் குதித்து இறங்கி மாற்ற வேண்டும். எஞ்சின் சூட்டைக் கவனிக்க வேண்டும். பின்னால் யாராவது முந்த வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பரிசு மட்டும் ஓட்டுபவருக்குத்தான்.

அதன்பின் நிமோனியா காய்ச்சல் வந்து உயிர் பிழைப்பதே கஷ்டமாகிவிட்டது. தேறி வந்து, ராணுவப் பயிற்சியும் முடித்து, சொந்தமாகப் பட்டறை வைத்தார். 1936-ல், டாக்சியாக ஓடிய பழைய ஃபோர்டு கார் ஒன்றைப் பந்தயக் காராக மாற்றி ஓட்டிப் பார்த்தார். 1938-ல் நெடுஞ்சாலைப் பந்தயம் ஒன்றில் லூயிஸ் ஃபினோச்செட்டி என்பவருக்குத் துணை ஓட்டுநராகப் போனார். போனது துணைக்கு. ஆனால் பாதி வழிக்கும் மேலே ஸ்டீயரிங் இவர் கையில்தான்!

ஊர் மக்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டி அவருக்கு ஒரு செவர்லே கார் வாங்கக் கைகொடுத்தார்கள்.

1940-ம் ஆண்டு அந்தப் பெரிய பந்தயம் வந்தது. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பி, ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்து, பெரு நாட்டின் லிமா நகரம்வரை போய், திரும்பவும் வர வேண்டும். சுமார் 9,500 கிலோமீட்டர்! கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய்த் திரும்பினாலும் இத்தனை தூரம் வராது. இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். தார்ச் சாலையா? பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். ஒரு நாள் பாலைவனப் புழுதி. மறுநாள் 4,000 மீட்டர் உயரத்தில் மூச்சுத் திணறும் குளிர். வண்டி கெட்டால் உதவிக்கு வேறு மெக்கானிக்கை அழைக்கக் கூடாது. ஓட்டுநரும் துணை ஓட்டுநரும்தான் சரி செய்துகொள்ள வேண்டும். பகலெல்லாம் ஓட்டிவிட்டு, இரவில் தூங்க வேண்டிய நேரத்தில் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார்கள்.

இப்படி ஒரு பயணத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. ஃபாஞ்சியோவுக்குத் துணையாக வந்தவர் ஹெக்டர் தியெரி. இருவரும் முதலாவதாக வந்தார்கள்! அந்த ஆண்டும், அடுத்த 1941-ம் ஆண்டும் ஃபாஞ்சியோதான் அர்ஜென்டினாவின் நெடுஞ்சாலைப் பந்தயச் சாம்பியன்.

பிறகு உலகப் போர். பெட்ரோலுக்கும் டயருக்கும் தட்டுப்பாடு. பந்தயங்கள் நின்றன. ஃபாஞ்சியோவின் நல்ல வயது ஐந்தாறு வருடம் இப்படியே போயிற்று.

இனி வருவது சோகமான பகுதி. சொல்லாமல் தாண்டிப் போகலாம்தான். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் ஃபாஞ்சியோவைப் பற்றிச் சொன்னதாகாது.

1948 அக்டோபர் 20. புவெனஸ் அயர்ஸிலிருந்து வெனிசுலா நாட்டின் தலைநகர் கராகஸ்வரை ஒரு பந்தயம் தொடங்கியது. இதுவும் 9,500 கிலோமீட்டருக்கு மேல். ஃபாஞ்சியோவின் செவர்லே காரில் இந்த முறை பக்கத்தில் இருந்தவர் அவருடைய நண்பர் டேனியல் உருட்டியா. அவர்களுக்குப் பெரிய போட்டி, ஃபோர்டு காரில் வந்த ஆஸ்கர் கால்வெஸ், ஜுவான் கால்வெஸ் என்ற அண்ணன் தம்பிகள். நாடே செவர்லே கட்சி, ஃபோர்டு கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்ற காலம்.

பெரு நாட்டில் லிமாவிலிருந்து வடக்கே போகும் கட்டம் இரவில் தொடங்கியது. பல நாள் தூக்கம் இல்லை. கடற்கரையை ஒட்டிய சாலையில் பனிமூட்டம். உவான்சாக்கோ என்ற ஊருக்குப் பக்கத்தில் கார் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஓர் இடது வளைவு. பனியில் விளக்கு வெளிச்சம் எடுபடவில்லை. இன்றைய ராலி ஓட்டுநருக்கு இருப்பது போல, முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்பும் அவர்களிடம் இல்லை. வளைவு தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. கார் சாலையை விட்டு இறங்கிச் சரிவில் உருண்டது.

பின்னால் வந்த ஆஸ்கர் கால்வெஸ் அதைப் பார்த்தார். போட்டியாளர் விழுந்துவிட்டார், நாம் முந்திவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. நிறுத்தி இறங்கி, இருட்டில் தேடினார். யூசெபியோ மார்சில்லா என்ற இன்னொரு பந்தய வீரரும் நிறுத்தினார். காயம்பட்ட ஃபாஞ்சியோவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்த சோகோப்பே ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதன்பிறகு மீண்டும் பந்தயத்தைத் தொடர்ந்தார். கடைசியில் மார்சில்லாவுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். அந்த நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் முதல் இடமே கிடைத்திருக்கும் என்பார்கள். வீணானது என்று நான் எழுதியது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினா மக்கள் அன்றிலிருந்து அவரைச் சாலையின் கனவான் என்று அழைத்தார்கள்.

ஃபாஞ்சியோவுக்குக் கழுத்தில் அடி. பிழைத்துவிட்டார். உருட்டியாவைக் காப்பாற்ற முடியவில்லை.

கழுத்துக் காயம் ஆறியது. மனம்தான் ஆறவில்லை. ஸ்டீயரிங் தன் கையில் இருந்தது, நண்பன் போய்விட்டான், தான் மட்டும் இருக்கிறோம். இந்த எண்ணம் அவரை வாட்டியது. இனிப் பந்தயமே வேண்டாம் என்று நினைத்தார். அப்போது அவருக்கு வயது 37. ஒதுங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சில மாதங்களில் திரும்பி வந்தார்.

1949-ல் அர்ஜென்டினா ஆட்டோமொபைல் கிளப் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அங்கே ஓட்டியது ஒற்றை இருக்கைக் கார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. 1951, 1954, 1955, 1956, 1957 என ஐந்து முறை உலகச் சாம்பியன்! ஓட்டிய 51 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 24 வெற்றி. ஐந்து பட்டம் என்ற அவரது சாதனையை 2003-ல்தான் மைக்கேல் ஷூமாக்கர் தாண்டினார்.

நடுவில் 1952-ல் இத்தாலியில் ஒரு விபத்து. இரவெல்லாம் கார் ஓட்டி வந்து, தூங்காமல் மோன்சா பந்தயத்தில் இறங்கினார். கார் கவிழ்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. மீண்டும் தூக்கமின்மை! இந்த முறை காரில் வேறு யாரும் இல்லை.

ஐரோப்பாவிலும் ஊருக்கு ஊர் ஓடும் சாலைப் பந்தயங்கள் உண்டு. இத்தாலியில் நடந்த மில்லே மிலியா அவற்றில் பெரியது. சுமார் 1,600 கிலோமீட்டர், ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும். 1953-ல் ஜூலியோ சாலா என்பவரை அருகில் வைத்துக்கொண்டு ஃபாஞ்சியோ இதில் ஓட்டினார். வழியில் ஸ்டீயரிங் பழுதாகி, ஒரு முன்சக்கரம் மட்டுமே திரும்பியது. அப்படியே ஓட்டி இரண்டாவதாக வந்தார்! பக்கத்து இருக்கையில் சாலா என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கே வியர்க்கிறது.

1955 மே 1. மீண்டும் மில்லே மிலியா. மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஒரே மாதிரியான கார்களில் ஃபாஞ்சியோவும், இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டெர்லிங் மாஸ் என்ற இளைஞரும் இறங்கினார்கள். ஃபாஞ்சியோ தனியாகவே ஓட்ட முடிவு செய்தார். உருட்டியாவின் நினைவுதான் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் 1953-ல் துணையோடு ஓட்டியிருக்கிறாரே! ஆகவே அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகைக்காரர். குள்ளமானவர், முகம் நிறையத் தாடி. அவருக்கும் பக்கத்து இருக்கை புதிதல்ல. 1949-ல் பக்கவாட்டுத் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், ஓட்டுநருக்குத் துணையாக இருந்து உலகச் சாம்பியன் பட்டத்தில் பங்கு பெற்றவர்! மாஸும் அவரும் பந்தயச் சாலையில் முன்கூட்டியே பலமுறை போய், ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளை ஐந்தரை மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதி, ஜன்னல் வைத்த ஓர் உலோகப் பெட்டிக்குள் பொருத்தினார் ஜென்கின்சன். சுருட்டச் சுருட்ட அடுத்த வளைவு ஜன்னலில் தெரியும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் கையால் சைகை காட்டினார். வழியில் அவருக்கு வாந்தி வந்தது. வெளியே தலையை நீட்டியபோது காற்று அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, சட்டைப் பையில் இன்னொரு கண்ணாடி வைத்திருந்தார்!

மேட்டுக்கு அப்பால் சாலை நேராகப் போகிறதா, வளைகிறதா என்று மாஸுக்குத் தெரியாது. நேர்தான் என்று ஜென்கின்சன் கை காட்டுவார். மாஸ் காலை எடுக்க மாட்டார். ஒரு மேட்டில் கார் தரையை விட்டே எழும்பிப் பறந்தது. 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் பந்தயத்தை முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தின் சாதனை அதுதான்.

உலகச் சாம்பியன் ஃபாஞ்சியோ சுமார் 32 நிமிடம் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். அவருடைய எஞ்சினில் கோளாறும் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அன்று ஜெயித்ததில் அந்தக் காகிதச் சுருளுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று உலகெங்கும் ராலிகளில் துணை ஓட்டுநர்கள் வாசிக்கும் குறிப்புப் புத்தகத்துக்கு அந்தச் சுருளை ஒரு மூத்த அண்ணன் என்றே சொல்லலாம்.

1958-ல் ஃபாஞ்சியோ பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1986-ல் பல்கார்சேயில் அவர் பெயரில் கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1995-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி, 84-வது வயதில் காலமானார். பல்கார்சேயில்தான் அடக்கம் செய்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் காரில், பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக ஏறி உட்கார்ந்த பதினாறு வயதுப் பையனின் ஊர் அதுதான்.