காவலூர் மலையும் வைணு பாப்புவும்
(பைனாகுலர் வாங்க ஆசைப்படுறவங்க கட்டாயம் படிங்க!)



முதல்ல என் முட்டாள்தனத்தைச் சொல்லிடறேன். ஆடி மாசம் திருவிழாக் கடையில ஒரு பைனாகுலர் பார்த்தேன். முன்னாடி இருக்கிற கண்ணாடி ரெண்டும் மாணிக்கக் கல் மாதிரி சிவப்பாப் பளபளன்னு இருந்தது. 60 மடங்கு பெருசாக் காட்டும்னு அட்டையில போட்டிருந்தது. மாமா கொடுத்த பொங்கல் காசு, உண்டியல் காசு எல்லாத்தையும் சேர்த்து 650 ரூபாய்க்கு வாங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில நின்னு நிலாவைப் பார்த்தா, ரெண்டு நிலா தெரியுது! ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. நட்சத்திரம் ஒண்ணுகூடத் தெரியலை. அம்மா ஷூ கம்பெனியில நாள் முழுக்க மிஷின்ல உட்கார்ந்து தைக்கிற கூலியைவிட அது அதிகம். அம்மா திட்டவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

அடுத்த மாசம் எங்க அறிவியல் சார் எங்களைக் காவலூர் வான் ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போனார். நம்ம ஆலங்காயத்துல இருந்து ஜவ்வாது மலை மேல ஏறினா வருமே, அதே காவலூர்தான். அங்கே பெரிய வெள்ளைக் கும்மட்டத்துக்குள்ள 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வச்ச தொலைநோக்கி இருக்கு. அதன் பெயர் வைணு பாப்பு தொலைநோக்கி. யார் இந்த வைணு பாப்பு? திரும்பி வந்து நூலகத்துல தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

★ இளமைப் பருவம்

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். அவருடைய அப்பா ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை செய்தார். அதனால் சின்ன வயசிலேயே வைணுவுக்கு வானம்தான் விளையாட்டு மைதானம். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் குறித்து வைத்து, 1946-இல் கல்லூரி மாணவராக இருக்கும்போதே கட்டுரை வெளியிட்டார்.

1949-இல் ஹைதராபாத் அரசு கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போன சில மாதத்திலேயே, வானத்தைப் படம் பிடித்த ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்க்கும்போது அதில் புதிதாக ஒரு வால் நட்சத்திரம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 21 வயசுதான்! கூட இருந்த இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர் வைத்தார்கள். அதற்காக அவருக்குப் பதக்கமும் கிடைத்தது. பிறகு வில்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, நட்சத்திர ஒளியில் கால்சியம் காட்டும் கோட்டின் அகலத்தை அளந்தால் அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும் என்று 1957-இல் எழுதினார். இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

★ இடம் தேடிய மனிதர்

அவர் நினைத்திருந்தால் அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 1953-இல் இந்தியா திரும்பினார். நைனிடாலில் வான் ஆய்வகம் அமைய உழைத்தார். 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். அங்கே சூரியனை ஆராய்ச்சி செய்ய வசதி இருந்தது. ஆனால் ராத்திரியில் மேகமும் மூடுபனியும் வந்து நட்சத்திரத்தை மறைத்துவிடும்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பெரிய தொலைநோக்கி வேண்டும் என்ற ஆசை அவருக்கு மலையளவு இருந்தது. ஆனாலும் முதலில் அவர் தேடியது நல்ல இடத்தைத்தான். தென்னிந்தியா முழுக்கத் தேடி, கடைசியில் நம்ம காவலூரைத் தேர்ந்தெடுத்தார். உயரம் 725 மீட்டர்தான், கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சுற்றிலும் காடு, நல்ல இருட்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தில் பெரும்பகுதியும் தெரியும்.

1968-இல் அங்கே வைத்த முதல் தொலைநோக்கியின் கண்ணாடி அகலம் வெறும் 38 சென்டிமீட்டர். நம்ம வகுப்பு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம்தான் பெருசு! அதுவும் நம்ம நாட்டிலேயே செய்தது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே வருஷம் வியாழனின் நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது கவனித்து, அந்த நிலாவைச் சுற்றி மெல்லிய காற்று இருக்கலாம் என்ற தடயத்தைக் கண்டார்கள். 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது தெரிந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

1979-இல் உலக வானியலாளர்கள் சங்கத்துக்கே தலைவர் ஆனார். 1981-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2.34 மீட்டர் தொலைநோக்கியை முழுக்க இந்தியாவிலேயே செய்யணும் என்பது அவர் கனவு. ஆனால் வேலை முடிவதற்குள் 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இறந்துபோனார். 55 வயசு முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்து, வைணு பாப்பு பெயரையே சூட்டினார். தான் கனவு கண்ட தொலைநோக்கியில் அவர் ஒரு தடவைகூடப் பார்க்கலை. இதைப் படிக்கும்போது எனக்கு அழுகை வந்துடுச்சு.

★ நாங்க வாங்கின பைனாகுலர்

இதையெல்லாம் படிச்ச பிறகுதான் என் தப்பு புரிஞ்சது. நான் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துட்டேன். 60 மடங்கு பெருசாக் காட்டினா, கை நடுக்கமும் 60 மடங்கு பெருசாத் தெரியும்!

அறிவியல் மன்றத்துல 23 பேர் வாரம் பத்து ரூபாய் போட்டோம். மிச்சத்தை சார் போட்டார். 10×50 பைனாகுலர் ஒண்ணு வாங்கினோம். முதல் எண் எத்தனை மடங்குன்னு சொல்லும். ரெண்டாவது எண் முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டர்ல. இருட்டுல நம்ம கண்மணி 7 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விரியும். 50-ஐ 7-ஆல் வகுத்து வர்றதை வர்க்கம் பண்ணுங்க. சுமார் 51 வரும். நம்ம ஒரு கண்ணைவிட 51 மடங்கு வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி வாங்கித் தரும்!

வாங்கப் போறவங்க இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க:

1. 7×50 அல்லது 10×50 போதும். கை நடுங்கறவங்களுக்கு 7×50 நல்லது.
2. சிவப்புக் கண்ணாடி வேண்டாம். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிடும்.
3. கடையிலேயே தூரத்துக் கம்பத்தைப் பாருங்க. ரெண்டாத் தெரிஞ்சா வாங்காதீங்க.
4. முழங்கையைச் சுவர் மேல ஊனிக்கிட்டுப் பாருங்க.
5. சூரியனைப் பார்க்கவே கூடாது! கண் போயிடும்.

சனிக்கிரகத்தின் வளையம் இதுல தெரியாது. அப்படித் தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

தை மாசம் என் முறை வந்தப்போ வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். தெருவிளக்கு வெளிச்சம் படாத மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி நின்னோம். வியாழன் பக்கத்துல நாலு புள்ளி வரிசையாத் தெரிஞ்சது. அதுல ஒண்ணு கானிமீட்! வைணு பாப்பு காலத்துல நம்ம மலையில இருந்து காற்றைத் தேடினாங்களே, அதே நிலா.

கம்பெனியில இருந்து வந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கார்த்திகையைக் காட்டினேன். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்தான்னு சொல்லிக்கிட்டே அம்மா வாங்கிப் பார்த்தாங்க. எண்ண ஆரம்பிச்சாங்க. இருபது தாண்டியும் எண்ணிக்கிட்டே இருந்தாங்க. பகல் பூரா ஊசிமுனையையே பார்க்கிற கண்ணு அது. சாப்பிடக் கூப்பிட்டும் அம்மா பைனாகுலரைக் கீழே வைக்கலை.

நண்பர்களே, நல்ல இருட்டுக்காகத்தான் அவ்வளவு பெரிய விஞ்ஞானி நம்ம மலையைத் தேடி வந்தார். அந்த இருட்டு நமக்குச் சும்மாவே கிடைச்சிருக்கு. வானத்தைப் பார்த்து எரியும் வெளி விளக்கைத் தேவையில்லாத நேரத்தில் அணைப்போம்.

பைனாகுலர் வேணும்னா மன்ற நோட்டுல பேர் எழுதுங்க. திருப்பித் தரும்போது என்ன பார்த்தீங்கன்னு தேதியோட எழுதிக் கொடுங்க. வைணு பாப்புவும் அப்படித்தான் எழுதி எழுதிப் பெரிய ஆளானார்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி