குற்றாலத்தில் செடி தேடிய டாக்டர் வைட்

சாரல் பொழியும் நாளில் நாம் குற்றாலத்திற்குக் குளிக்கச் செல்கிறோம். செடி தேடிச் சென்ற பெரியார் ஒருவர் உண்டு. அவரே டாக்டர் ராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796-இல் பிறந்தார்; எடின்பரோவில் மருத்துவம் பயின்றார்; 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை மாகாணம் வந்தார். உள்ளம் நாடியதோ தாவரவியல்! அந்நாளைய நூல்களில் ஒரே செடிக்குப் பல பெயர்கள். பல செடிகளுக்கு ஒரே பெயர். பெயர் தவறினால் மருந்தும் தவறுமன்றோ?

1831-இல் விடுப்பில் தாயகம் சென்றவர், ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்செடிகளை உடன் கொண்டு சென்றார். நண்பர் வாக்கர் ஆர்னட்டுடன் அமர்ந்து, ரீடு, லின்னேயஸ், ராக்ஸ்பர்க் முதலியோர் எழுதியவற்றை அச்செடிகளோடு ஒப்பிட்டார். 1834-இல் தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி வெளிவந்தது.

அவ்வாண்டே இந்தியா திரும்பி, பாளையங்கோட்டையில் பணியாற்றிய காலத்தில் குற்றால மலையில் செடி திரட்டினார். ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்களின் துணையோடு 1838 முதல் 1853 வரை 2,101 தாவரப் படங்களை வெளியிட்டார். ஆர்க்கிட் பேரினம் ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். 1872-இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

இன்று காடு காக்க முனையும் அறிஞர், ஓர் ஆய்வை மட்டும் நம்புவதில்லை. சாதகமும் பாதகமுமான எல்லா ஆய்வுகளையும் தேடித் திரட்டி, தரம் ஆராய்ந்த பின்னரே முடிவு சொல்கின்றனர். சான்று அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கும் அந்நெறியைத் தாவர உலகில் கைக்கொண்டவர் வைட். அருவிக்கரை மரமொன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், மாணவராகிய நாமும் எல்லாச் சாட்சிகளையும் கேட்போமாக!