ஒரு மூலிகை, ஒரே கோப்பைக் கஷாயம்

மழை தொடங்கியதிலிருந்து நம் குழுவில் தினம் ஒரு கஷாயக் குறிப்பு வருகிறது. தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவல்லி என்று நீங்கள் அனுப்ப, நானும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த இதழில், சளிக் காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்த ஒரு சீன வைத்தியரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் லி ஷிசென். 1518இல் ஹுபெய் பகுதியில் பிறந்தவர்.

தாத்தா, அப்பா இருவருமே வைத்தியர்கள். ஆனால் அந்நாளில் வைத்தியருக்குப் பெரிய மதிப்பில்லை. மகன் அரசுத் தேர்வு எழுதி அதிகாரியாக வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். மகனோ மாகாணத் தேர்வில் மூன்று முறை தோற்றார்.

அவருக்கு 20 வயதிருக்கும்போது சளி, இருமல் பிடித்தது. நாள்பட்டு அது காய்ச்சலானது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தினமும் ஒரு கிண்ணம் கோழை வந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. தெரிந்த மூலிகைகளையெல்லாம் சாப்பிட்டும் ஒரு மாதத்துக்கு மேல் முற்றிக்கொண்டே போனது. பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அப்போதுதான் அப்பாவுக்குப் பழைய வைத்தியர் ஒருவரின் முறை நினைவுக்கு வந்தது. ஹுவாங்சின் என்ற மஞ்சள் வேர் மட்டும் ஒரு பலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து, இரண்டு கோப்பைத் தண்ணீரை ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் விட்டது. பிறகு கோழையும் இருமலும் நின்றன. இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

(அது நம் ஊர்ச் செடி அல்ல, நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்காதீர்கள். ஒரு மாதம் காய்ச்சலோடு வீட்டில் இருக்கவும் வேண்டாம்.)

பிறகு வைத்தியமே அவர் தொழிலானது. பழைய மருந்து நூல்களைப் புரட்டினால் ஒரே செடி இரண்டு பெயரில் இருந்தது, இரண்டு செடிகள் ஒரே பெயரில் இருந்தன. பேரேடு பார்த்த எனக்கு இதன் ஆபத்து புரிகிறது. இங்கே தவறினால் போவது பணமல்ல, உயிர். 1552இல் சரிபார்க்க உட்கார்ந்தார். சுமார் 800 நூல்களைப் படித்தார். மலையேறிச் செடிகளைக் கண்ணால் பார்த்தார், குடியானவர்களிடமும் மீனவர்களிடமும் கேட்டார். மூன்று முறை திருத்தி எழுதி 1578இல் முடித்தார். 1,892 பொருள்கள், 11,000க்கு மேற்பட்ட மருந்து முறைகள், 52 பகுதிகள்.

அச்சிடத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் நான்ஜிங் பதிப்பாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். லி ஷிசென் 1593இல் காலமானார், நூல் 1596இல் வெளிவந்தது. அதே ஆண்டு மகன் ஒரு பிரதியை அரண்மனைக்கு எடுத்துப் போனார். வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.