புகையில் பேய் காட்டியவர்!
பாரீஸ் நகரத்தை நடுநடுங்க வைத்த ராபர்ட்சன் கதை

நாடக மேடையில் சாமி தோன்றுகிறது என்றால் முதலில் புகை வரும். பேய் வருகிறது என்றாலும் புகைதான். இந்தப் புகையை வைத்தே ஒரு மனிதர் பேரும் பணமும் சம்பாதித்தார். 200 வருஷத்துக்கு முன்னால் பாரீஸ் நகரமே அவரைப் பார்த்து அலறியது.

அவர் பெயர் எட்டியன் காஸ்பார் ராபர்ட். ஊர், இப்போதைய பெல்ஜியம் நாட்டில் உள்ள லியேஜ். பிறந்தது 1763-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி. படம் வரைவதில் கெட்டிக்காரர். விஞ்ஞானத்திலும் தீராத ஆசை. 1791-ல் பிழைப்பு தேடி பாரீசுக்கு வந்தார். பின்னாளில் தன் பெயரை "ராபர்ட்சன்" என்று மாற்றி வைத்துக் கொண்டார்.

கண்ணாடியால் கப்பலை எரிக்க யோசனை!

1796-ல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை நடந்து கொண்டிருந்தது. ராபர்ட்சன் அரசாங்கத்திடம் ஒரு திட்டத்தோடு போனார். பெரிய பெரிய கண்ணாடிகளை வைத்து, சூரிய ஒளியைக் குவித்து, இங்கிலாந்து கப்பல்களைக் கொளுத்திவிடலாம் என்றார். அதிகாரிகள் தலையாட்டவில்லை. திட்டம் மூலையில் போடப்பட்டது.

ஒளியை வைத்து எதிரியை எரிக்க முடியாமல் போனவர், அதே ஒளியை வைத்து ஜனங்களை பயமுறுத்தக் கிளம்பினார்.

செத்தவர்களைப் பார்க்க கூட்டம்

1798-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பாரீசில் ராபர்ட்சனின் முதல் காட்சி நடந்தது. அப்போது அந்த ஊர் இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். புரட்சி நடந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ராஜா 16-ம் லூயி முதல் சாதாரண ஜனங்கள் வரை ஆயிரக்கணக்கான பேரின் தலை கில்லட்டின் எந்திரத்தில் உருண்டிருந்தது. அப்பனை இழந்தவர், புருஷனை இழந்தவர், பிள்ளையை இழந்தவர் என்று ஊரே துக்கத்தில் இருந்தது. செத்தவர்களைக் காட்டுகிறார் ஒருவர் என்றதும் கூட்டம் சும்மா இருக்குமா?

கொலையுண்ட புரட்சித் தலைவர் மாராவின் ஆவியை ஒருவர் பார்க்கக் கேட்டதாகவும், ராபர்ட்சன் கனல் சட்டியில் ரத்தத்தையும் திராவகத்தையும் ஊற்றியதாகவும், குபுகுபுவென எழுந்த புகையில் மாராவின் உருவம் தெரிந்ததாகவும் அன்றைய பத்திரிகை ஒன்று செய்தி போட்டது. ஆசையோடு கட்டிப்பிடிக்கப் போனவரைப் பார்த்து அந்த உருவம் பல்லை இளித்துவிட்டு மறைந்ததாம்!

வம்பும் கூடவே வந்தது. கூட்டத்தில் ஒருவர் செத்துப்போன ராஜாவைக் காட்டச் சொன்னார் என்று பேச்சு கிளம்பியது. ராஜா விசுவாசிகள் கூடுகிற இடமோ என்று போலீசுக்கு சந்தேகம். காட்சி நிறுத்தப்பட்டது. ராபர்ட்சன் கொஞ்ச காலம் போர்டோ நகரத்தில் போய் இருந்துவிட்டுத் திரும்பினார்.

பாழடைந்த மடத்தில் பேய் வீடு

இந்தத் தடவை அவர் பிடித்த இடம் கப்பூச்சின் துறவிகள் காலி செய்துவிட்டுப் போன பழைய மடம். 1799-ம் ஆண்டு ஜனவரியில் அங்கே காட்சி தொடங்கியது. இருட்டு நடைபாதை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கதவு சாத்தப்படும். ஒரே ஒரு விளக்கு எரியும். அதுவும் அணைந்து போகும். மழைச் சத்தம், இடிச் சத்தம், சாவு மணி, கண்ணாடிக் கிண்ணங்களில் இருந்து எழும் ஒருவித வாத்திய ஓசை. பார்க்க வந்தவர்களுக்கு பாதி உயிர் அப்போதே போய்விடும்.

தூரத்தில் சின்னதாக ஒரு உருவம் தெரியும். கிடுகிடுவென்று பெரிதாகி மேலே பாய வரும். பெண்கள் வீறிட்டார்கள். சில ஆண்கள் கைத்தடியை ஓங்கினார்களாம்.

ரகசியம் இதுதான். கண்ணாடித் துண்டில் பேய் உருவத்தை வரைந்து, சுற்றிலும் கறுப்பு மை பூசிவிடுவார். அதனால் உருவம் மட்டும் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். விளக்குப் பெட்டி, மெல்லிய திரைக்குப் பின்னால் சக்கரத்தில் ஓடும். பெட்டியைத் திரையை விட்டுப் பின்னால் இழுத்தால் உருவம் பெரிதாகும். எதிரே இருப்பவர்களுக்கோ அது தங்கள் மீது பாய்வது போல இருக்கும்!

சில காட்சிக்குத் திரையே கிடையாது. கனல் சட்டியில் இருந்து எழும் புகை மேல் படத்தை விழ வைப்பார். புகை நெளிய நெளிய பேயும் நெளியும். உயிர் இருப்பது போலவே தோன்றும்.

"நான் மந்திரவாதி இல்லை"

புகையில் ஆவி காட்டியவர்களில் இவர் முதல் ஆள் அல்ல. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் காப்பிக்கடை வைத்திருந்த ஷ்ரெப்ஃபர் என்பவர் முன்பே ஆவி காட்டி ஊரைக் கலக்கினார். அவர் காட்டியது நிஜ ஆவி என்றே சாதித்தார். 1774-ல் தன்னைத் தானே சுட்டுக் கொண்டு செத்தார்.

ராபர்ட்சன் அந்த வழியில் போகவில்லை. நினைத்திருந்தால், அழுது கொண்டு வந்தவர்களிடம் இதுதான் உங்கள் பிள்ளை என்று சொல்லிக் காசு பறித்திருக்கலாம். அவரோ தான் மந்திரவாதி அல்ல, இது ஒளியின் வேலை, பேய் பிசாசு என்று ஏமாறாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். கடைசியில் ஒரு எலும்புக்கூட்டைக் காட்டி, எல்லோருக்கும் முடிவு இதுதான் என்று அனுப்பி வைப்பார். பொய் என்று தெரிந்தும் ஜனங்கள் பயந்தார்கள். மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள்.

கோர்ட்டில் உடைந்த குட்டு

பேய்க்குப் பயப்படாதவரை ஆட்கள் கவிழ்த்தார்கள். 1799-ல் தன் கருவிக்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார் ராபர்ட்சன். ஆனாலும் கூட வேலை பார்த்தவர்களே பிரிந்து போய் போட்டிக் காட்சி நடத்தினார்கள். கோர்ட்டுக்குப் போனார். அங்கே வந்தது வினை. வழக்கு நடக்க நடக்க வித்தையின் விவரம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்புறம் என்ன? சந்துக்குச் சந்து பேய்க் காட்சி முளைத்தது. ரகசியத்தைக் காப்பாற்றப் போன இடத்திலேயே ரகசியம் போயிற்று.

மனிதர் மூலையில் உட்காரவில்லை. பலூன் ஏறினார். 1803-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இருந்து பறந்து, 7 ஆயிரம் மீட்டருக்கு மேல் போனதாகக் கணக்குச் சொன்னார். மறு வருஷம் ரஷியாவிலும் பறந்தார். பிறகு தன் கதையையும் வித்தைகளையும் தானே புத்தகமாக எழுதினார். 1837-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி காலமானார்.

இன்றைக்கு நாடகத்துக்குக் கனல் சட்டி தேவை இல்லை. கிளைக்கால் கலந்த தண்ணீரைச் சூடாக்கும் எந்திரம் பொத்தானை அமுக்கினால் புகை கக்குகிறது. தரையோடு தவழும் மேகம் வேண்டும் என்றால், மைனஸ் 78 டிகிரி குளிரில் இருக்கும் உலர் பனிக்கட்டியை வெந்நீரில் போடுகிறார்கள். அந்தப் புகையில் விளக்கு பட்டதும் இன்றும் கொட்டகையில் சத்தம் அடங்கிப் போகிறது.

பாரீசில் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் ராபர்ட்சனின் சமாதி இருக்கிறது. ஒரு பக்கக் கல்லில் பறக்கும் பேய்களும் அதைப் பார்த்து நடுங்கும் கூட்டமும் செதுக்கப்பட்டுள்ளது. மறுபக்கம் பலூன். பேய் இல்லை என்று ஆயுசு பூராவும் சொன்னவரின் சமாதிக்கு அந்தப் பேய்கள்தான் காவல்!