ஆசிரியராகப் பயின்ற சாவித்திரிபாய்

சனவரி 3 சாவித்திரிபாய் பூலேயின் பிறந்த நாள். தலித், வெகுசன அமைப்புகள் பலவும் அந்நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகின்றன. இந்தியாவின் முதல் பெண் ஆசிரியர்களுள் ஒருவர் என்று அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கற்பித்தல் என்பது முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பணி என்று அவர் கருதினார். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று நாம் குரலெழுப்பும் இக்காலத்தில், அவர் வாழ்வின் இந்தப் பக்கத்தைத் திரும்பப் படிப்பது அவசியமாகிறது.

1831 ஆம் ஆண்டு, மராட்டியத்தின் சதாரா மாவட்டத்து நாய்கான் சிற்றூரில், சூத்திரர் என ஒதுக்கப்பட்ட மாலி சாதியில் அவர் பிறந்தார். 1840 இல் ஜோதிராவ் பூலேயை மணந்தபோது அவருக்கு எழுத்தறிவு இல்லை. ஸ்காட்லாந்து மிசனரிகளின் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற ஜோதிராவ், தம்மை வளர்த்தெடுத்த சகுணாபாயையும் சாவித்திரிபாயையும் வீட்டிலேயே அமர்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அடுத்த கட்டக் கல்வியின் பொறுப்பை அவருடைய நண்பர்களான சகாராம் யஷ்வந்த் பராஞ்சபேயும் கேசவ் சிவராம் பவால்கரும் ஏற்றனர்.

அகமதுநகரில் அமெரிக்க மிசனரி சிந்தியா ஃபாரர் பெண்களுக்கான பள்ளிகளை நடத்தி வந்தார். அப்பள்ளிகளைக் கண்ட பிறகே பெண்களுக்குப் பள்ளி தொடங்கும் எண்ணம் ஜோதிராவுக்கு உறுதிப்பட்டது. சாவித்திரிபாய் ஃபாரரின் நிறுவனத்திலும், புணேயில் திருமதி மிட்செல் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் பயின்றார். படிக்கத் தெரிந்தவரெல்லாம் கற்பிக்கத் தெரிந்தவர் அல்லர் என்ற உண்மையைப் பூலே இணையர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

1848 இல் புணேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. தொடர்ந்து மகர், மாங் சாதிகளின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. கல்வியைத் தம் தனிச்சொத்தாக வைத்திருந்தோர் இதனைப் பொறுக்கவில்லை. பள்ளிக்குச் செல்லும் வழியில் சாவித்திரிபாயின் மீது கல்லும் சாணியும் வீசப்பட்டன. அழுக்கான சேலையை மாற்றிக்கொள்ள வேறொரு சேலையுடன் அவர் பள்ளிக்குச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. இணையர் இருவரும் குடும்ப வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அக்கற்பித்தலின் விளைவை அளக்க நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. பூலே பள்ளியில் பயின்ற மாங் சாதிச் சிறுமி முக்தா, மகர், மாங் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை 1855 இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. தம் மக்களை மனிதராக மதிக்காத மதத்தையும், உழைக்கும் ஏழைப் பெண்களின் பேறுகால அவலத்தையும் அச்சிறுமி கேள்விக்குட்படுத்தினார். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்குவதோடு நின்றுவிடும் வகுப்பறையிலிருந்து இத்தகைய எழுத்து பிறக்காது.

1854 இல் வெளிவந்த காவியபூலே என்ற தம் கவிதைத் தொகுப்பில், சூத்திரரும் ஆதிசூத்திரரும் ஆங்கிலம் கற்க வேண்டுமென்று சாவித்திரிபாய் வலியுறுத்தினார். சமஸ்கிருதக் கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்கு, பிறப்பைக் கேளாத ஒரு மொழியாக ஆங்கிலம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வேண்டுகோளை அவர் மராத்தியில் எழுதினார் என்பதும் கருதத்தக்கது. தாய்மொழியில் சிந்திக்கவும் எழுதவும் வல்லவரே அடுத்த மொழியின் தேவையை அம்மக்களுக்கு எடுத்துச் சொல்ல முடிந்தது. தாய்மொழியா ஆங்கிலமா என்று நம்மை ஒரு பக்கம் நிற்கச் சொல்லும் விவாதங்களுக்கு அவருடைய நடைமுறையே விடை.

1856 அக்டோபரில், உடல்நலம் குன்றித் தாய்வீட்டில் தங்கியிருந்தபோது ஜோதிராவுக்கு ஒரு மடல் எழுதினார். தம் பணிச்சுமை முழுவதும் ஃபாத்திமாவின் தோளில் விழுந்திருக்குமே என்ற கவலை அதில் வெளிப்படுகிறது. ஒடுக்கப்பட்டோருக்குக் கற்பித்ததற்காகத் தம்மைக் குறைகூறிய உடன்பிறந்தவரோடு வாதிட்டு விளக்கியதையும் அம்மடலில் தெரிவிக்கிறார்.

இவ்வனுபவத்தின் சாரம் 1882 இல் அண்டர் கல்விக் குழுவின் முன் ஜோதிராவ் அளித்த அறிக்கையில் காணக் கிடைக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ அனைவரும் பார்ப்பனர்களாக இருப்பதையும், போதிய பயிற்சியின்றி இருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். மாணவரோடு தயக்கமின்றிப் பழகி அவர்தம் தேவையை அறியக்கூடிய உழவர் வகுப்பினரிலிருந்து ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்றார். மாத ஊதியம் 12 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் கோரினார். யார் ஆசிரியர், அவருக்கு என்ன பயிற்சி, என்ன ஊதியம் என்ற மூன்றையும் ஒரே கேள்வியாகப் பார்த்த அறிக்கை அது.

1890 இல் ஜோதிராவ் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் சாவித்திரிபாயே தீச்சட்டி ஏந்தி முன்னே நடந்தார். 1897 இல் புணேயைக் கொள்ளைநோய் தாக்கியது. வளர்ப்பு மகனும் மருத்துவருமான யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு, முண்ட்வாவின் மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து வந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10 ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஆங்கிலவழி என்ற பலகையைப் பள்ளி வாசலில் மாட்டுவது எளிது. அவ்வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அம்மொழியில் பேசவும், பிழைக்கு அஞ்சாமல் மாணவரைப் பேச வைக்கவும் தொடர்ந்த பயிற்சி இல்லையெனில், முதல் தலைமுறைப் பிள்ளை பாடத்தை மனப்பாடம் செய்து வெளியேறுகிறது. வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குறையைத் தனிப்பயிற்சி ஈடுகட்டுகிறது. சேரியின் பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியரைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே ஆசிரியர் பயிற்சியை நிர்வாகச் சடங்காகக் கருதாமல் சமூகநீதிக் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். தேர்ந்த பயிற்றுநர், பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட பணிநேரம், தலித் பெண்களுக்கு ஆசிரியர் பணியில் உரிய இடம் ஆகியவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும். சாவித்திரிபாயைக் கொண்டாடும் நாளில் நம் அமைப்புகள் எழுப்ப வேண்டிய முழக்கம் இதுவே.