சுருளிமலை தந்த வைத்தியர்!

ஆடி அமாவாசைக்கு கோச்சடைப் பக்கமிருந்து சுருளி தீர்த்தம் சென்று நீராடி வரும் சகோதரிகள் உண்டு. சித்தர்கள் வாழ்ந்ததாகப் போற்றப்படும் அந்த மலையில்தான் ஆபிரகாம் பண்டிதர் மூலிகை வைத்தியம் கற்றார். குருநாதர், கருணானந்தர் என்ற துறவி.

1859-ல் தென்காசி அருகே சாம்பவர்வடகரையில் பிறந்தவர் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி. பிறகு தஞ்சாவூரில் மனைவி பொன்னம்மாளுடன் பள்ளிக்கூட வேலை. அதையும் விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார்.

சரி... மருந்துக்கு நல்ல மூலிகை எங்கே கிடைக்கும்? வீட்டில் கஷாயம் போடும் நமக்கும் இதே கவலைதானே! பெண்களுக்கு உகந்தது என்று அசோகப் பட்டை கேட்டால், நெட்டிலிங்கப் பட்டையைத் தருவது கடைகளில் இன்றும் நடக்கிறது. சீதாதேவி அமர்ந்த மரம் எங்கே, பங்களா வாசலில் ஒட்டடைக்குச்சி போல நிற்கும் நெட்டிலிங்கம் எங்கே? காய்ந்து பொடியாகிவிட்டால் யாருக்குத் தெரியும்!

பண்டிதர் தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி, மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். இலையும் வேரும் கண் முன்னால் வளர்ந்தவை, சந்தேகத்துக்கு இடமேது? துளசி மாடத்தை ஒட்டி ஆடாதோடைக்கும் கற்பூரவல்லிக்கும் இரண்டு தொட்டி வைக்க நம்மாலும் முடியும்.

அவருடைய கோரோசனை மாத்திரை பெரும்புகழ் பெற்றது. மருந்தில் வந்த பணம் இசைக்குப் போயிற்று. 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1919-ல் காலமானார்.

கிறிஸ்தவரான அவர் தம் தோட்டத்துக்கு வைத்த பெயர், கருணானந்தபுரம். 1917-ல் வெளியிட்ட இசை நூல், 'கருணாமிர்த சாகரம்'. இரண்டிலும் குருநாதர் இருக்கிறார், கவனித்தீர்களா?