பைண்டிங் கடையில் உருவான விஞ்ஞானி



பள்ளியை விட்டு வரும் பிள்ளையை எந்தத் தொழிலில் சேர்ப்பது? இந்தக் கேள்வி உறக்கத்தைக் கெடுக்காத உழைப்பாளி வீடு உண்டா? மேலே படிக்க வைக்கப் பணமில்லை. கிடைத்த வேலையில் சேர்த்துவிட்டாலோ, பையன் வாழ்வு அத்தோடு முடிந்ததோ என்ற அச்சம்! அந்த அச்சத்தைப் போக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. அது மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை.

1791-ல், லண்டன் நகரையடுத்த நியூயிங்டனில் பிறந்தவர் பாரடே. தந்தை கருமான், அடிக்கடி நோயில் விழுந்தவர். பள்ளி தந்ததோ எழுத்தும் வாசிப்பும் கணக்கும் மட்டுமே. 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. வீடு வீடாகப் பத்திரிகை சுமந்தார். 1805-ல் அதே கடையில் பைண்டிங் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுப் பயிற்சி!

பலர் புத்தகம் தைத்தனர். பாரடே தைத்ததைப் படித்தார். மின்சாரம் பற்றியும் இரசாயனம் பற்றியும் படித்ததை, மிச்சம் பிடித்த காசில் சோதித்தும் பார்த்தார். முதலாளி தடுக்கவில்லை. அண்ணன் இராபர்ட், அவரும் கருமானே, விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்க ஷில்லிங் கொடுத்தார். 1812-ல் கடைக்கு வந்த ஒருவர், ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு தந்தார். கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார் பாரடே. வேலை காலியில்லை, பைண்டிங்கையே பார் என்பதுதான் முதலில் கிடைத்த அறிவுரை!

சோர்ந்தாரா? இல்லை! 1813-ல் உதவியாளர் இடம் காலியானது, அழைப்பு வந்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை. அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பா சென்றபோது பணியாள் வேலையும் செய்ய நேர்ந்தது. பொறுத்தார், கற்றார். 1821-ல் மின்சாரத்தால் கம்பியைச் சுழல வைத்தார்; 1831-ல் காந்தத்தால் மின்சாரம் பிறப்பித்தார். இன்று ஆலையில் ஓடும் மோட்டாருக்கும், மின் நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டருக்கும் அவையே வித்து. இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் மறுத்து, 1867-ல் மறைந்தார்.

இளைஞனே! கிடைத்த தொழிலை இழிவென்று எண்ணாதே. அதுவே எல்லை என்றும் எண்ணாதே. பைண்டிங் கற்ற கைதான் பாரடேக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தது. கூலியை மட்டும் பார்த்துத் தொழில் தேடாதே. வேலை முடிந்த பின்னும் உன் மனம் எதை நாடுகிறது என்று பார்.

பெரியோர்களே! முதலாளியின் இசைவு, அண்ணனின் ஷில்லிங், யாரோ தந்த சீட்டு, இவை மூன்றும் இல்லையென்றால் பாரடே ஏது? அவை கிட்டாமல் பட்டறைகளில் மங்கிப் போனவர் எத்தனை பேரோ! ஏழைப் பிள்ளையின் எதிர்காலத்தை அதிர்ஷ்டத்திடம் விடலாமா? உங்கள் தெருப் படிப்பகத்தின் கதவு மாலையில் திறந்திருக்கட்டும். வேலை முடிந்து வரும் சிறுவன் கையில் ஒரு நல்ல நூல் இருக்கட்டும்!